எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது? கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

சர்வீஸுக்கு வண்டியை விட்டால் "5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாத்திடுங்க" என்கிறார் மெக்கானிக். காரோடு வந்த கையேட்டில் 10,000 என்றோ 15,000 என்றோ இருக்கிறது. ஆயில் கேனின் மேல் அதைவிடப் பெரிய எண் ஒன்று. டேஷ்போர்டு திரையோ ஆயிலுக்கு இன்னும் 40 சதவீத ஆயுள் பாக்கி இருப்பதாகக் காட்டுகிறது. இந்த நான்கில் எதை நம்புவது?

நான்குமே ஏதோ ஒரு காருக்கு, ஏதோ ஒரு வகை ஓட்டத்துக்குப் பொருந்துபவைதான். அவற்றை ஒரே கேள்விக்கான நான்கு பதில்கள் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது. ஆயில் தூரத்தால் கெடுவதில்லை. சூட்டால், ஈரத்தால், எரியாமல் தங்கும் எரிபொருளால், கரியால், எஞ்சின் ஓடிய நேரத்தால் கெடுகிறது. இவை எதையும் ஓடோமீட்டர் அளப்பதில்லை. அளக்க எளிது என்பதால் தூரத்தை வைத்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால், உங்கள் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் உங்களுக்கான இடைவெளி தெரியும்.

## ஆயில் என்ன வேலை செய்கிறது

ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நிற்பது முதல் வேலை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது, தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. இதோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எட்டாத பிஸ்டனின் அடிப்பகுதி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் பேரிங் போன்ற இடங்களிலிருந்து சூட்டை வாங்கி வெளியே கொண்டுவருகிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடுக்கை அடைக்கிறது. அழுக்கை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு எடுத்துப்போகிறது. துருப்பிடிக்காமல் காக்கிறது.

இவற்றில் முதல் வேலையை ஆயில் கடைசிவரை ஓரளவு செய்யும். மற்றவற்றைச் செய்யும் திறன்தான் முதலில் குறைகிறது. "பழைய ஆயிலிலும் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கெட்ட ஆயிலால் வரும் சேதம் அன்றே தெரியாது. பல ஆண்டுகள் கழித்துத் தெரியும்.

## கேனுக்குள் இருப்பது

எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதம் வரை, சேர்க்கைப் பொருட்கள். மினரல், செமி சிந்தெடிக், ஃபுல்லி சிந்தெடிக் என்று நாம் பிரிப்பது அடிப்படை எண்ணெயை வைத்து. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் (சுருக்கமாக ஏ.பி.ஐ.) இதை ஐந்து குழுக்களாக வகுத்திருக்கிறது. முதல் குழு கச்சா எண்ணெயிலிருந்து எளிய முறையில் சுத்திகரித்து எடுப்பது. மூன்றாவது குழு ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. நான்காவது, தொழிற்சாலையிலேயே மூலக்கூறுகளைக் கோத்து உருவாக்கும் பி.ஏ.ஓ. வகை. கடைகளில் ஃபுல்லி சிந்தெடிக் என்று விற்பவற்றில் பல, மூன்றாவது குழு எண்ணெயில் செய்தவை. அதில் தவறில்லை, சூட்டைத் தாங்குவதில் அது முதல் குழுவைவிட வெகு தூரம் மேலானது.

ஆயில் மாற்றும் காலத்தைப் பெரும்பாலும் முடிவு செய்பவை சேர்க்கைப் பொருட்கள். அவை ஓட ஓடச் செலவாகிக்கொண்டே இருப்பவை.

1. டிடர்ஜென்ட்: கால்சியம், மெக்னீசியம் சேர்மங்கள். எரிதலில் உண்டாகும் அமிலங்களை முறித்து, பிஸ்டனில் கறை படியாமல் வைத்திருக்கும். அமிலத்தை முறிக்கும் இந்த இருப்பை டி.பி.என். என்ற எண்ணால் குறிக்கிறார்கள்.
2. டிஸ்பர்சன்ட்: கரித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல், ஆயிலுக்குள் தனித்தனியே மிதக்க வைக்கும்.
3. தேய்மானத் தடுப்பான்: துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஜெட்.டி.டி.பி. என்ற சேர்மம். சூடும் அழுத்தமும் சேரும் இடங்களில், உதாரணமாக வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மேட்டில், உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும்.
4. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்: ஆயில் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாவதைத் தள்ளிப்போடும்.
5. பாகுத்தன்மை (ஆயிலின் கெட்டித்தன்மை) சீராக்கி: நீளமான பாலிமர் மூலக்கூறுகள். சூட்டில் ஆயில் அளவுக்கு மீறி இளகிவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

டி.பி.என். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டாலோ, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் தீர்ந்துவிட்டாலோ, அதற்குப் பிறகு ஆயில் மெதுவாகக் கெடுவதில்லை, வேகமாகச் சரிகிறது. அந்தச் சரிவு தொடங்குமுன் மாற்றிவிடுவதுதான் எல்லா அட்டவணைகளின் நோக்கமும்.

## ஆயில் கெடும் ஐந்து வழிகள்

1. சூடு. ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலின் பொதுக் கணக்கு. அப்படியென்றால் 100 டிகிரியில் ஓடும் ஆயிலைவிட 120 டிகிரியில் ஓடும் ஆயில் நான்கு மடங்கு வேகமாகக் கெடுகிறது. மலையேற்றம், டிரெய்லர் இழுப்பது, முழுப் பாரம், கோடை வெயிலில் நெரிசலில் நிற்பது எல்லாம் ஆயிலின் சூட்டை ஏற்றுபவை. டர்போவில் நிலைமை இன்னும் கடுமை. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் அதன் தண்டை, வெளியேறும் புகையின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து காப்பது இதே ஆயில்தான். வேகமாக ஓட்டிவந்து சட்டென எஞ்சினை நிறுத்தினால், பேரிங்கில் தேங்கும் ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும்.

2. ஈரம். சூடு அதிகமானால் கெடும் ஆயில், சூடு போதாவிட்டாலும் கெடும். பலருக்கும் வியப்பளிப்பது இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பாலும் அது ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த நீர் மீண்டும் ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு எரிந்துவிடும். சூடேறாவிட்டால் ஆயிலிலேயே தங்கி, அமிலமும் கசடும் உண்டாகக் காரணமாகும். டேஷ்போர்டில் தெரியும் வெப்பமுள் கூலன்டின் சூட்டைக் காட்டுகிறது. ஆயிலின் சூட்டை அல்ல. முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேறப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஆயில் வேலைக்கான சூட்டையே எட்டுவதில்லை.

3. எரிபொருள் கலப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் பெட்ரோல் செலுத்தப்படுகிறது. அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேரும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இது அதிகம். டீசல் கார்களில் வேறு வழியாக வருகிறது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியைச் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்வதற்காக, பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகின்றன. அதில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கிவிடும். சுத்தம் முடியுமுன்னே வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுபவர்களின் காரில், ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். அளவு கூடியிருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். அது இளகிப்போன ஆயில். உடனே மாற்ற வேண்டியது.

4. கரியும் தூசியும். டீசலில் கரி அதிகம். ஏர் ஃபில்டர் சரியில்லாமல் தூசி நிறைந்த பாதைகளில் ஓடினால் மணல் துகள்களும் உள்ளே போகும். ஆயில் ஃபில்டர் பெரிய துகள்களைப் பிடிக்கும்; மிக நுண்ணிய துகள்கள் ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை வெளியேற்ற ஆயிலை மாற்றுவது ஒன்றே வழி.

5. நறுக்குண்ட பாலிமர். பாகுத்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகள், பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கித் துண்டாகின்றன. கிரேடு என்பது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். 40 கிரேடாக ஊற்றிய ஆயில் நாள்பட 30 கிரேடுபோல நடந்துகொள்ள இது ஒரு காரணம்.

## 5,000 கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் 3,000 மைல், கிலோமீட்டரில் சொல்லும் நாடுகளில் 5,000. இரண்டும் ஒரே விதிதான். கார்பரேட்டர் எஞ்சின், ஈயம் கலந்த பெட்ரோல், முதல் குழு மினரல் ஆயில் ஆகியவை புழங்கிய காலத்தில் அது நியாயமான கணக்கு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப சோக்கை இழுத்துவைத்தால் பெட்ரோல் தாராளமாக ஆயிலில் கலக்கும். அன்றைய சேர்க்கைப் பொருட்களுக்கு அதைச் சமாளிக்கும் வலு இல்லை.

பிறகு எரிபொருள் செலுத்தும் முறை கணினிக் கட்டுப்பாட்டுக்கு வந்தது. பாகங்களைக் கடையும் துல்லியம் கூடியது. ஆயில் பல தலைமுறைகள் முன்னேறியது. அதனால்தான் இன்றைய கையேடுகள் 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் வரை சொல்கின்றன. ஃபோக்ஸ்வேகன் தன் லாங்லைஃப் திட்டத்தில், அதற்கென்றே வகுத்த ஆயிலோடு, 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு வரை அனுமதித்தது.

ஆனால் பழைய விதியை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் சரியல்ல. மினரல் ஆயில் ஊற்றி, நெரிசலில் சிறு தூரம் ஓட்டும் பழைய வண்டிக்கு 5,000 இன்றும் பொருத்தமானதே. மெக்கானிக் தன்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றை மனதில் வைத்துச் சொல்கிறார். ஆயில் விற்பதில் அவருக்கும் வருமானம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதேபோல, இடைவெளியை நீட்டிச் சொல்வதால் பராமரிப்புச் செலவு குறைந்த கார் என்று தயாரிப்பாளர் விளம்பரம் செய்ய முடிகிறது. அவருடைய பொறுப்பு வாரண்டி காலம் வரைதான். நீங்கள் 15 ஆண்டு ஓட்ட நினைக்கலாம். இருவரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. இருவர் சொல்வதற்கும் பின்னால் எந்தச் சூழல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

## கிலோமீட்டரை மணியாக மாற்றிப் பாருங்கள்

இரண்டு ஒரே மாதிரி கார்கள். இரண்டும் 10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. முதலாவது நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. அதன் எஞ்சின் சுழன்றது 125 மணி நேரம். இரண்டாவது நகர நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. அதன் எஞ்சின் சுழன்றது 500 மணி நேரம்.

ஓடோமீட்டரில் வித்தியாசமே இல்லை. ஆயில் உழைத்ததில் நான்கு மடங்கு வித்தியாசம். சுற்றுகளை எண்ணினாலும் வித்தியாசம் பெரிதுதான். நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் 1.5 கோடி சுற்றுகள். நகரத்தில் சராசரி 1,300 என்று குறைத்து வைத்தாலும் 3.9 கோடி. கட்டுமான இயந்திரங்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் 250 மணி, 500 மணி என்று நேரக் கணக்கிலேயே ஆயில் மாற்றுவது இதனால்தான். நின்ற இடத்தில் உழைக்கும் இயந்திரத்துக்குத் தூரக் கணக்கு பொருந்தாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சிக்னலில் நிற்கும் காரும் அந்த நேரத்தில் நின்ற இடத்தில் உழைக்கும் இயந்திரம்தான் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கை உங்கள் காருக்குப் போடுவது எளிது. பெரும்பாலான புதிய கார்களின் டேஷ்போர்டில் சராசரி வேகம் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். ஆயில் மாற்றிய அன்று அதை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். சில மாதம் கழித்து, ஓடிய தூரத்தை அந்தச் சராசரி வேகத்தால் வகுத்தால் எஞ்சின் ஓடிய மணி நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 30க்கும் கீழே சராசரி வேகம் வருகிறது என்றால் கையேட்டின் பெரிய எண் உங்களுக்கானது அல்ல.

## கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்

பலரும் முதல் அட்டவணையைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பக்கத்திலோ, அடிக்குறிப்பிலோ, "கடினமான பயன்பாடு" என்ற தலைப்பில் இரண்டாவது ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் ஆயில் இடைவெளி பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். அமெரிக்கச் சந்தையில் 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயில் பயன்படுத்தும் பல டொயோட்டா கார்களுக்கு வழக்கமான இடைவெளி 10,000 மைல் அல்லது 12 மாதம். சிறப்புச் சூழல்களில் அது 5,000 மைல் ஆகிறது.

அந்த இரண்டாம் அட்டவணையில் நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறினாலும், பொதுவாக இடம்பெறுபவை இவை:

1. ஒவ்வொரு முறையும் 8 கிலோமீட்டருக்கும் குறைவான ஓட்டம், குறிப்பாகக் குளிர் காலத்தில்.
2. நீண்ட நேரம் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது, டாக்சி அல்லது வீடு வீடாகப் பொருள் கொண்டுசேர்க்கும் வேலை.
3. தூசி நிறைந்த அல்லது மண் சாலைகள்.
4. டிரெய்லர் இழுப்பது, கூரை மேல் சுமை ஏற்றுவது.
5. கடும் வெயிலில் நின்று நின்று நகரும் போக்குவரத்து, தொடர்ந்த மலைப்பாதை.

இந்தப் பட்டியலை நேர்மையாகப் படித்தால் நகரத்தில் வாழும் பெரும்பாலோர் இரண்டாம் அட்டவணைக்குள் வந்துவிடுவார்கள். "கடினமான பயன்பாடு" என்றதும் பாலைவனமும் பந்தயமும் நினைவுக்கு வருவதால், தினமும் 4 கிலோமீட்டர் போய்த் திரும்பும் தன் கார் அதில் அடங்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதே அந்தக் கார்தான்.

## டேஷ்போர்டு காட்டும் சதவீதம்

ஆயிலின் மீதி ஆயுளைக் கணித்துக் காட்டும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. பிறகு பலரும் பின்பற்றினார்கள். பெரும்பாலான கார்களில் இது ஆயிலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. எஞ்சின் சுழன்ற சுற்றுகள், சூட்டின் அளவு, குளிர்நிலையில் கிளப்பிய தடவைகள் போன்றவற்றை எண்ணி, ஒரு சூத்திரத்தில் போட்டுக் கழிக்கிறது. ஆயிலின் மின்பண்பை அளக்கும் சென்சார் கொண்ட கார்களும் உண்டு.

வெறும் கிலோமீட்டர் கணக்கைவிட இது மேலானது, ஏனெனில் ஓட்டும் முறையைக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் சூத்திரம் அடிப்படையிலான முறைக்கு மூன்று விஷயங்கள் தெரியாது: நீங்கள் எந்த ஆயிலை ஊற்றினீர்கள், இப்போது எவ்வளவு ஆயில் இருக்கிறது, ஏர் ஃபில்டர் எந்த நிலையில் இருக்கிறது. சொன்ன தரத்துக்குக் குறைந்த ஆயிலை ஊற்றினால் அந்த 40 சதவீதத்துக்குப் பொருளே இல்லை. ஆயில் மாற்றியபின் அதை ரீசெட் செய்ய மறந்தாலும் அப்படித்தான். திரையில் வருவது "தூரம் மட்டுமே எண்ணும் சர்வீஸ் நினைவூட்டல்" ஆகவும் இருக்கலாம்; எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த ஆயில் என்பது இடைவெளியின் பாதி

கையேடு "15,000 கிலோமீட்டர்" என்று மட்டும் சொல்வதில்லை; இன்ன தரமுள்ள ஆயிலோடு 15,000 என்கிறது. இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பின்பற்றுவது ஆபத்து.

5டபிள்யூ-30 என்பதில் முதல் பகுதி குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூடான நிலையில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுகிறது. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் தரப்படி 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். பெட்ரோல் கலந்து அது 9.3க்குக் கீழே போனால், உங்கள் எஞ்சினில் இருப்பது நடைமுறையில் 20 கிரேடு ஆயில்.

கிரேடு மட்டும் போதாது. தரக் குறியீடும் பொருந்த வேண்டும். ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. தரம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் நேரும் முன்கூட்டிய எரிதலைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. டி.பி.எஃப். உள்ள டீசல் காருக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் (ஏ.சி.இ.ஏ.) தரங்களில் "சி" வரிசை அதற்கானது. தவறான ஆயிலின் சாம்பல் வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும், எரித்துப் போக்க முடியாது.

இன்னொரு வகை எஞ்சின் உண்டு. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பியூஜோ-சிட்ரோயனின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் போன்றவற்றின் முந்தைய வடிவங்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பொருந்தாத ஆயிலோ, பெட்ரோல் கலந்த ஆயிலோ அந்த ரப்பர் பெல்ட்டை உப்பிச் சிதையவைக்கும். உதிரும் துணுக்குகள் ஆயில் பம்பின் உறிஞ்சுவலையை அடைக்கும். அதன்பின் ஆயில் அழுத்தம் விழும், எஞ்சின் போகும். இத்தகைய காரில் இடைவெளியை நீட்டிப் பார்க்கும் சோதனையே வேண்டாம்.

சில எஞ்சின்கள் வடிவமைப்பிலேயே ஆயிலைக் கடுமையாக வதைக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1997 முதல் 2002 வரை வந்த டொயோட்டா கார்களில் சில நான்கு, ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் கசடு படிந்து பழுதானதாகப் புகார்கள் குவிந்தன. 2002இல் அந்நிறுவனம், கார் வாங்கிய நாளிலிருந்து 8 ஆண்டு வரை அந்தப் பழுதை ஏற்றுச் சரிசெய்யும் திட்டத்தை அறிவித்தது. உங்கள் எஞ்சின் வகைக்கு இப்படி ஏதாவது பெயர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

## டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பது பரவலான தவறான எண்ணம். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுத்துவிடும். டிடர்ஜென்டும் டிஸ்பர்சன்டும் வேலை செய்து கரியை ஏந்திக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் துளி நிறம் மாறாத ஆயிலைப் பார்த்தால்தான் யோசிக்க வேண்டும்.

நிறத்தைவிட அதிகம் சொல்பவை வேறு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் ஆயில் கீழே இறங்க விடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுதும் உள்ளே தள்ளி மறுபடி எடுங்கள். ஆயில் கோடு குறைந்தபட்சக் குறிக்கும் அதிகபட்சக் குறிக்கும் நடுவே எங்கே நிற்கிறது? பல கார்களில் இவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ ஒரு லிட்டர். கோடு போன மாதத்தைவிட மேலே ஏறியிருந்தால் எரிபொருளோ கூலன்டோ கலக்கிறது. கம்பியை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா? இரு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறக்கிறதா? அப்படியே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்மஞ்சளாகக் குழைந்த படிவு இருந்தால், சூடேறாத சிறு ஓட்டங்களால் ஈரம் தங்குகிறது என்று பொருள். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பின்னும் அது மறையாமல், கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால், எஞ்சினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

அளவைப் பார்ப்பது, இடைவெளியைப் பற்றிய எல்லா விவாதத்தையும்விட முக்கியம். 12,000 கிலோமீட்டரான ஆயில் சரியான அளவில் இருந்தால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். புத்தம் புது ஆயில் அரைக்கு அரை குறைந்திருந்தால் வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும். கொஞ்சம் ஆயில் செலவாவது பல எஞ்சின்களில் இயல்பு. 15,000 கிலோமீட்டர் வரை மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை.

## ஆய்வகச் சோதனை

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டுமானால், மாற்றும்போது வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு புட்டி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். லாரி, பேருந்து நிறுவனங்கள் இதை வழக்கமாகவே செய்கின்றன. பாகுத்தன்மை, டி.பி.என்., எரிபொருள் கலப்பு, உலோகத் துகள்கள் எல்லாம் அறிக்கையில் வரும். இரும்பு கூடினால் சிலிண்டர், கேம் பகுதித் தேய்மானம். ஈயமும் செம்பும் கூடினால் பேரிங். சிலிக்கான் கூடினால் தூசி நுழைகிறது. சோடியம், பொட்டாசியம் இருந்தால் கூலன்ட் கசிகிறது. ஒரே அறிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு மூன்று மாற்றங்களின் போக்கைப் பார்த்தபிறகே இடைவெளியை நீட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்கலாம்.

## உங்கள் இடைவெளியைக் கணக்கிடுங்கள்

1. கையேட்டின் இரண்டு அட்டவணைகளையும், அது கேட்கும் கிரேடையும் தரக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைவிட நீண்ட இடைவெளி யார் சொன்னாலும், ஆயில் கேனே சொன்னாலும், ஏற்க வேண்டாம். வாரண்டி போய்விடும்.
2. சராசரி வேகம், ஒரு ஓட்டத்தின் சராசரித் தூரம் இரண்டையும் பாருங்கள். இரண்டாம் அட்டவணையின் பட்டியலில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் அந்த அட்டவணைக்கு மாறுங்கள்.
3. எஞ்சின் வகையைச் சேர்த்துப் பாருங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ, டி.பி.எஃப். உள்ள டீசல், ஆயிலில் ஓடும் பெல்ட் என்றால் குறுகிய இடைவெளிப் பக்கம் சாயுங்கள். ஹைபிரிட் காரில் எஞ்சின் பாதி நேரம் ஓடுவதில்லை என்று இடைவெளியை நீட்டத் தோன்றும். அங்கே எஞ்சின் அடிக்கடி நின்று குளிர்ந்து மீண்டும் கிளம்புவதால் ஈரமும் பெட்ரோலும் தங்க வாய்ப்பு அதிகம். கையேட்டைத் தாண்ட வேண்டாம்.
4. மினரல் ஆயில் ஊற்றியிருந்தால் சிந்தெடிக்குக்கான எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.
5. தூரம் எட்டாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கு வந்ததும் மாற்றுங்கள். பெரும்பாலும் அது 12 மாதம்.

இதை மூன்று பேருக்குப் போட்டுப் பார்ப்போம். கையேடு 15,000 அல்லது ஓராண்டு, கடினப் பயன்பாட்டுக்கு 7,500 அல்லது 6 மாதம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் இருமுறை 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போய்வருபவர், சரியான சிந்தெடிக் ஆயிலோடு, 15,000 வரை கவலையின்றி ஓட்டலாம். அவருக்கு 5,000இல் மாற்றுவது வீண் செலவு. வாடகைக் கார் ஓட்டுநர் 7,500ஐத் தாண்டக் கூடாது. காத்திருக்கும் நேரமெல்லாம் ஏ.சி.க்காக எஞ்சின் ஓடுமானால் மணிக் கணக்கைப் பார்த்து இன்னும் முன்னதாகவே மாற்றலாம். மூன்றாமவர் பக்கத்துப் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் காரை எடுப்பவர். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாது. "ஓடவே இல்லையே" என்று மூன்று ஆண்டு ஒரே ஆயிலில் விடுவது இவர்தான். மூவரில் அதிகம் கெட்ட ஆயில் இவருடைய எஞ்சினில்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதோடு, வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டி ஆயிலைச் சூடேற்றுவது இவருக்கு அவசியம்.

## மாற்றும்போது

ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளிருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே எஞ்சினுக்குப் போகும். அதிகபட்சக் குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் கடைந்து நுரையாக்கிவிடும். தேதி, ஓடோமீட்டர் எண், கிரேடு, தரக் குறியீடு ஆகியவற்றை எழுதி, பில்லோடு வையுங்கள்.

தேவைக்கு முன்பே மாற்றுவதால் எஞ்சினுக்குக் கேடு இல்லை. பழைய ஆயில் குவிவதுதான் பிரச்சினை. ஒரு முறை வடிக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன் (ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர்) நன்னீரை மாசாக்க முடியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பழைய ஆயிலை மறுசுத்திகரிப்பு செய்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக்க முடியும். நீங்களே வடித்தால் மூடியுள்ள கேனில் பிடித்து, கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதில் கலக்காமல் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். மெக்கானிக் வடித்தால், வடித்ததை எங்கே கொடுக்கிறார் என்று கேளுங்கள்.